ஹிப்ஹாப்பை எப்படிக் கேட்பது? அது நம் மலையகத்துக்குப் பொருந்துமா?

மேல்பிரிவு எழுதியது:

தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாலைந்து பையன்கள் போனிலேயே பீட் போட்டுப் பாடுகிறார்கள். என் தம்பியும் அதில் ஒருவன். நான் இளையராஜா பாட்டும் திருவிழா நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவன். ராகம் பிடிபட்டால்தான் பாட்டு எனக்குள் இறங்கும். இவர்கள் பாட்டில் ராகத்தைத் தேடித் தேடிக் களைத்துப் போகிறேன். ஆனால் தம்பி கொப்பியில் எழுதி வைத்திருக்கும் வரிகளை வாசித்தால் நெஞ்சு அடைக்கிறது. அதே வரியை அவன் பாடும்போது எனக்கு எட்டவில்லை.

அப்பா வேறு தினமும் சண்டை. "அமெரிக்காக்காரன் பாட்டைப் பிடித்துக்கொண்டு நம் பாட்டை விட்டுவிட்டான்" என்கிறார். வீட்டில் நான் நடுவில் நிற்கிறேன். எதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்பது? இது நம்முடையதாக ஆகுமா, இல்லை கடைசி வரைக்கும் இரவல்தானா?

---

பீட்டுப்பட்டறை எழுதியது:

அண்ணே, ராகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு மேளத்தைப் பிடியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். பெரும்பாலான பாட்டுகளில் ஒன்றில் 'தும்' என்று கிக் விழும். இரண்டிலும் நாலிலும் 'டக்' என்று ஸ்னேர் விழும். அந்த 'டக்'குக்குத் தலையாட்டப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து குரலைக் கவனியுங்கள். அது 'டக்'குக்கு முன்னால் ஓடுகிறதா, சரியாக அதன் மேலேயே விழுகிறதா, வேண்டுமென்றே கொஞ்சம் பின்னால் இழுக்கிறதா? இதைத்தான் பையன்கள் ஃப்ளோ என்கிறார்கள். மெலடிப் பாட்டில் ராகம் செய்யும் வேலையை இங்கே இந்த முன்பின் செய்கிறது. கோபம் வந்தால் குரல் முந்தும், துக்கம் என்றால் பிந்தும். நாலு எண்ணிக்கை ஒரு பார். வழக்கமாக 16 பார் சேர்ந்தால் ஒரு வேர்ஸ், அதாவது சரணம்.

ஒரே பாட்டை நாலு தரம் கேளுங்கள். முதலில் மேளம் மட்டும், பிறகு பேஸ் என்ற அடிச்சத்தம், பிறகு குரல் போகிற போக்கு, கடைசியில்தான் சொல். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் அதில் வரவே வராது. சாதாரண ஹெட்செட் போதும்.

இந்த இசை எங்கே பிறந்தது என்று தெரிந்தாலும் காது திறக்கும். 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்க மாடிக் குடியிருப்பு. பள்ளிக்கூடத்துக்குப் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று ஒரு தங்கச்சி பார்ட்டி வைத்தாள். அண்ணன் இசைத்தட்டு போட்டான். அவன்தான் டிஜே கூல் ஹேர்க். ஜமேக்காவிலிருந்து சிறுவயதில் வந்து குடியேறிய குடும்பம். பாட்டு நின்று மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஆட்கள் வெறியோடு ஆடுகிறார்கள் என்பதை அவன் கவனித்து வைத்திருந்தான். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, இதில் முடிய அதில் தொடங்கி, அந்த மேளத்தை நீட்டிக்கொண்டே போனான். சொந்தமாக வாத்தியம் இல்லாத பிள்ளைகள் மற்றவர்கள் பாட்டிலிருந்து மேளத்தை எடுத்துத் தங்களுக்கு ஒரு மேடை கட்டிக்கொண்டார்கள். போனில் பீட் போடும் உங்கள் தம்பியும் அந்த வழியில் வந்தவன்தான்.

---

பழைய_டீச்சர் எழுதியது:

அடுத்தவர் மெட்டை எடுத்து நம் கதையைப் பாடுவது மலையகத்துக்குப் புதிதில்லை, தம்பி. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்த காலத்தில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டு எழுதிக் கூட்டங்களில் பாடினார். அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்த மெட்டுகளையே எடுத்தார். அதன் மேல் நம் சனத்தின் துன்பத்தையும் உரிமையையும் ஏற்றினார். 1940இல் அந்தப் பாடல்கள் அச்சிலும் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அரசியல் போய்ச் சேர வேண்டுமென்றால் தெரிந்த மெட்டில் போனால்தான் சேரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதே 1940 ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பாட்டுப் பாடியவர்கள் எப்படிப்பட்ட காலத்தில் பாடினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறதே, அதே காமன் பண்டிகையில் தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி பாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பெயர். கையில் டேப்பு வாத்தியம். ஒருவர் பாட்டில் கேள்வி போட, எதிராளி அந்த இடத்திலேயே பாட்டில் பதில் கட்ட வேண்டும். விடிய விடிய நடக்கும். இன்றைய பிள்ளைகள் ரப் பட்டில், அதாவது ரப் பாட்டுச் சண்டை, என்று சொல்வதை நான் முதலில் பார்த்தபோது எனக்கு லாவணிதான் நினைவுக்கு வந்தது.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய் நாட்டார் பாடல்களைச் சேர்த்து வைத்தாரே, அந்தத் தொகுப்பு கிடைத்தால் தம்பிக்கு வாங்கிக் கொடுங்கள். கோப்பிக் காலத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவள் மலையைக் காட்டிப் பாடும் பாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறது.

---

ஊவாக்காரன் எழுதியது:

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லாமே நம்மிடம் முன்பே இருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் பையன்கள் எடுத்துப் போடும் வீடியோக்களைப் பாருங்கள். வாடகைக் கார், தங்கச் சங்கிலி, துப்பாக்கி மாதிரி கையைக் காட்டுவது, பெண்களைக் கேவலமாகப் பேசுவது. லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தாய் தகப்பனோடும் தங்கச்சியோடும் படுத்து எழும்புகிறவன் யாருடைய வாழ்க்கையைப் பாடுகிறான்?

பிரொங்ஸும் தோட்டமும் ஒன்று என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பரம்பரை. நம்மைக் கங்காணி கடனில் கட்டி, துண்டு முறையில், அதாவது கடன் எழுதிய சீட்டோடு, தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினான். அந்தத் துண்டு முறையை ஒழிக்கவே 1921 ஆனது. 1948இல் பிரஜாவுரிமை போயிற்று, அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். இது நம் கணக்கு. வேறொருவர் துன்பத்தின் மேல் ஏறி நின்று நம் துன்பத்தைக் காட்ட வேண்டியதில்லை.

---

கொழும்பு15 எழுதியது:

ஊவாக்காரன் அண்ணே, கார், சங்கிலி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அந்தப் பையன்களை விட்டுவிடாதீர்கள். நான் கொழும்பில் துணிக்கடையில் வேலை. வந்த புதிதில் கடையில் வாயைத் திறந்தாலே "தோட்டக்காட்டான்" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது பேச்சை மாற்றுவதுதான். ஊர் கேட்டால் அட்டன் என்போம், தோட்டத்தின் பேரைச் சொல்லமாட்டோம்.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் தம்பி எழுதிய ரப்பில் முதல் வரியிலேயே தோட்டம், டிவிசன், லயத்து நம்பர் எல்லாம் வந்தது. அதை அவன் எங்கள் பேச்சிலேயே பாடினான். அமெரிக்கப் பாட்டுகளிலும் இதைத்தான் கேட்கிறேன். அவன் தெருவைச் சொல்கிறான், புளொக்கைச் சொல்கிறான். ஊர்ப் பேரை மறைக்காமல் சொல்லு என்பதை நான் கற்றது இந்த இசையில்தான். வேறெந்தப் பாட்டும் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

---

தப்புச்சத்தம் எழுதியது:

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இனி முடியாது.

நாங்கள் தப்புப் பறை அடிக்கிற குடும்பம். தாத்தா பெரட்டுத் தப்பு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் தப்பு, அடித்தவர். விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் தோட்டமே எழும்பும். சாவு வீட்டில் அடித்தார், காமன் கூத்தில் அடித்தார், திருவிழாவிலும் அடித்தார். ஆனால் கோயிலுக்கு வெளியே நின்றுதான் அடித்தார். எங்கள் அப்பா தப்பைத் தொடவில்லை. "பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர வேண்டும்" என்று அதைக் கூரைக்கடியில் செருகிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தோலோடு சேர்த்து எங்கள் மேல் எதைக் கட்டி வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நான் அதைக் கீழே இறக்கினது ரப் கேட்டுத்தான். சென்னையில் 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியபோது கானாவும் பறையும் ரப்பும் ஒன்றாக நின்றன. வீடியோவில்தான் பார்த்தேன். பறையை யாரும் மேடைக்குப் பின்னால் மறைக்கவில்லை, முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கே தப்பைத் துடைத்தேன்.

நெருப்பில் காட்டாமல் தப்பை அடித்தால் சொத்தென்று இருக்கும். எங்கள் பக்கத்து மூடுபனியில் தோல் ஈரத்தைக் குடித்துவிடும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் போட்டு எரித்து, தப்பை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகும். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்போம். சத்தம் மெல்ல மெல்ல ஏறி, 'கிண்' என்று வரும்போது எடுத்துவிட வேண்டும். வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி. தடித்த குச்சி நடுத்தோலில் விழும்போது கிக்கின் கனம் வருகிறது. மெல்லிய குச்சி விளிம்பில் விழும்போது ஸ்னேர் மாதிரி வெட்டுகிறது. ஒரே தோலில் இரண்டும் இருக்கிறது.

ஊவாக்காரன் அண்ணே, இது இரவல் என்றே இருக்கட்டும். என் வீட்டுக் கூரையில் இருந்ததை எனக்கு எடுத்துக் கொடுத்தது இந்த இரவல்தான்.

---

பீட்டுப்பட்டறை எழுதியது:

தப்புச்சத்தம் அண்ணே, கும்பிடுகிறேன். ஒரு தொழில் விஷயம். தப்பு அடிகள் நிறைய மூன்று மூன்றாகப் போகும், ஹிப்ஹாப் நாலு நாலாகப் போகும். அப்படியே மேலே வைத்தால் இரண்டும் இடறிக்கொள்ளும். பையன்கள் தப்பை வெட்டி ஒட்டி நாலுக்குள் திணிக்கிறார்கள், உயிர் போய்விடுகிறது. தப்பை வெட்டாமல், ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் மூன்று அடி வருகிற மாதிரி ஹை-ஹட்டை, அதாவது 'டிக் டிக்' என்று ஓடும் தட்டை, மாற்றுங்கள். இன்றைய டிராப் பீட்டுகளில் ஹை-ஹட் அடிக்கடி மூன்றாக ஓடுவதால் அது இயல்பாகவே பொருந்தும். லண்டன் தமிழ் ரப் பாடகி எம்.ஐ.ஏ. உறுமியைத் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தபோது உறுமிக்குத்தான் முதலிடம் கொடுத்தார், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. அந்த வரிசை முக்கியம்.

---

கொழுந்துக்காரி_மகள் எழுதியது:

எல்லா அண்ணன்மாரும் நன்றாக எழுதுகிறீர்கள். பெண்கள் எங்கே?

தோட்டத்தில் கொழுந்து எடுப்பது யார்? கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டைக் கடியில், மழையில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலை ஏறுவது யார்? அந்த வாழ்க்கையைப் பாடும் பையன்கள் எல்லோரும் "என் அம்மா, என் அம்மா" என்கிறார்கள். அம்மா என்ன சொல்வாள் என்று அவளிடமே மைக்கைக் கொடுத்தவர்கள் குறைவு.

எங்கள் அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். சாவு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே ஒப்பாரி கட்டுவார். செத்தவரின் குணம், ஊர், அவருக்குத் துரோகம் செய்தவர், கணக்கப்பிள்ளை குறைத்து எழுதியது எல்லாம் வரும். ஆளைப் பேர் சொல்லி நிறுத்திவிடுவார். வேறெங்கும் சொல்ல முடியாததை ஒப்பாரியில் சொல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய ஃப்ரீஸ்டைல் எனக்குக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டு ரப் பாடகர் தெருக்குரல் அறிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது உலகமே ஆடியது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்குப் போனவர். பாட்டியின் கதைகளிலிருந்துதான் அந்தப் பாட்டு வந்தது என்று அறிவே சொல்லியிருக்கிறார். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் திரும்பவும் தேயிலைக்குள்தான் நின்றார்கள். எங்கள் பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். ஆகவே அந்தப் பாட்டு நம் மலையின் பாட்டு என்று உரிமையோடு சொல்வேன். அது ஒரு கிழவியின் வாயிலிருந்து வந்தது என்பதை யாரும் மறக்கக்கூடாது.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1984இல் ரொக்ஸான் ஷான்டே என்ற 14 வயதுப் பெண் ஆண்கள் பாட்டுக்குப் பதில் பாட்டுப் பாடித் திணறடித்தாள். பெண்களைக் கேவலமாகப் பேசுவதுதான் ஹிப்ஹாப் என்று நினைக்கும் தம்பிகள் முதலில் அவளைக் கேட்கட்டும்.

---

ஊவாக்காரன் எழுதியது:

தங்கச்சி, ஒப்பாரி பற்றிச் சொன்னது சரியான இடத்தில் பட்டது. தப்புச்சத்தம் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அப்படிப் பாடுகிறவன் முன்னால் நான் வந்து உட்காருவேன். என் கோபம் தன் அம்மாவின் சம்பளத்தைக் கேட்க வாய் திறக்காமல் காரைப் பாடுகிறவன் மேல்தான். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் தெருவில் நின்றோம், 2021இல்தான் வந்தது. அந்த நேரம் இந்தப் பையன்கள் எத்தனை பேர் அதைப் பாடினார்கள்?

2012 கணக்கெடுப்பிலும் நம்மை 'இந்தியத் தமிழர்' என்றே எழுதினார்கள், 839,504 பேர். 2023இல் நம் சனம் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, முன்னோர் காடு வழியே நடந்து, கொலராவில் செத்து விழுந்த பாதை. அந்த நடைக்கு ஒரு பாட்டு எழுதுங்கள். நான் மறுபேச்சில்லாமல் கேட்கிறேன்.

---

மேல்பிரிவு எழுதியது:

ஹெட்செட் போட்டுக் கேட்டேன். 'டக்'கைப் பிடித்துக்கொண்டால் குரல் எங்கே முந்துகிறது என்று உண்மையாகவே தெரிகிறது. தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன். அவன் எழுதியதில் நாலு வரி போடச் சொன்னான்:

பெரட்டுக் களத்துல பேர் விழுந்தா சோறு
அரைப்பேரு விழுந்தா அம்மா முகம் வேறு
தராசுத் தட்டுல கொழுந்து வந்து ஏறும்
தண்ணிக்குக் கழிச்சா கணக்கு எங்க தேறும்

வெளியூர் ஆட்களுக்கு: குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைநாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். எடுத்ததிலும் ஈரக் கொழுந்து, கூடை நிறை என்று கழிப்பார்கள்.

---

பழைய_டீச்சர் எழுதியது:

சோறு, வேறு, ஏறும், தேறும். இயைபு அழகாக விழுகிறது. யாப்புப் படிக்காமலே பிள்ளைக்கு வந்திருக்கிறது.

---

பீட்டுப்பட்டறை எழுதியது:

வரி அருமை. ஆனால் நாலு வரியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது, நாலாவது எண்ணிக்கையில். பாடினால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். எதுகையை வரிக்கு உள்ளேயும் போட வேண்டும். இப்படிப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள்:

பெரட்டுல பேரு, இருட்டுல ஊரு
வெரட்டுற காத்து, வெறுங்காலு சேறு
நிறுத்ததுல பாதி நனைஞ்சதுன்னு போச்சு
எழுதுறவன் கையில எங்கம்மா மூச்சு

முதல் இரண்டு வரியில் 'ரட்டு', 'ருட்டு' எல்லாம் ஸ்னேரின் மேல் விழ வேண்டும். மூன்றாவது வரியில் ஸ்னேரைத் தாண்டி இழுத்து, 'போச்சு'வைப் பிந்தி விட வேண்டும். நாலாவது வரிக்கு மேளத்தையே நிறுத்திவிடலாம், குரல் மட்டும் போதும்.

---

கொழுந்துக்காரி_மகள் எழுதியது:

கடைசி வரி நல்லது. ஆனால் அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த 16 பார் அம்மாவின் குரலில் இருக்கட்டும், ஒப்பாரி மெட்டில். நான் எழுதுகிறேன். பாட எங்கள் சின்னம்மாவைக் கேட்கிறேன், அவர் மறுத்தால் நானே பாடுகிறேன்.

---

தப்புச்சத்தம் எழுதியது:

தப்பு என் பொறுப்பு. லயத்தில் ரெக்கோர்ட் பண்ண முடியாது, பக்கத்துக் காம்பராவில் ரேடியோ, மேலே தகரத்தில் மழை. வேலை இல்லாத நாளில் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள், திறந்த வெளியில் எடுத்தால் சத்தம் சுத்தமாக வரும். மைக்கைத் தோலுக்கு நேரே வைக்காமல் ஒரு பக்கமாகச் சரித்து வையுங்கள். பீட்டுப்பட்டறை தம்பி, வேகம் எவ்வளவு வைக்கட்டும்?

---

பீட்டுப்பட்டறை எழுதியது:

நிமிஷத்துக்கு 90 வையுங்கள், அண்ணே. அம்மா பாகம் வரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டாம், மேளத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம், ஒப்பாரிக்கு இடம் கிடைக்கும். எடுத்ததை வெட்டாமல் முழுசாக அனுப்புங்கள்.